சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சொத்து

ஆள் இல்லாத வீட்டில் புதையல் இருக்கும் என்ற பேச்சு நம் தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. கங்காணி வீட்டு அடுப்புக்கு அடியில் பவுன் காசு புதைத்து வைத்திருந்தாராம், கிராணியின் பங்களாவில் இரும்புப் பெட்டி இருந்ததாம் என்று கதைகதையாய்ச் சொல்லுவார்கள். நாமும் அப்படி ஒரு பேச்சைக் கேட்டுத்தான் இவ்வாண்டு ஆடி மாதம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். புதையல் கிடைத்தது உண்மை. ஆனால் நாம் நினைத்த இடத்தில் அல்ல, நினைத்த பொருளும் அல்ல. அதைத்தான் இந்த வாரம் தோட்டத்துச் சொந்தங்களுக்குச் சொல்ல வந்தோம்.

சிலாங்கூர் மாநிலத்தில், செம்பனைக்கு நடுவே இருக்கிறது அந்தத் தோட்டம். பெயர் வேண்டாம். உங்கள் தோட்டத்தின் பெயரையே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள், பொருந்தும். 2008-ஆம் ஆண்டிலேயே கடைசிக் குடும்பமும் வெளியேறிவிட்டது. ஆனாலும் முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு மட்டும் வருடா வருடம் எல்லாரும் திரும்பி வருகிறார்கள். கிள்ளானிலிருந்து, ரவாங்கிலிருந்து, ஜொகூரிலிருந்து வேனும் காருமாய் வந்து பொங்கல் வைத்து, கெடா வெட்டி, சாயங்காலம் போய்விடுகிறார்கள். இந்த ஆண்டு கூட்டம் அதிகம். காரணம், பழைய லயங்களை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி. "இடிக்கிறதுக்கு முந்தி ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்னு வந்தோங்க" என்றார்கள் பலரும்.

தூக்க முடியாத அம்மிக்கல்

பூசை முடிந்து சாப்பாடும் ஆனபிறகு, எண்பது வயதைத் தாண்டிய முன்னாள் தண்டல் ஒருவர் நம்மை லயத்துப் பக்கம் அழைத்துப் போனார். லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. எட்டு வீட்டு லயம். பலகைச் சுவர், தகரக் கூரை. வீட்டுக்கு வீடு உள்ள தடுப்புச் சுவர் கூரை வரை போகாது, பாதியிலேயே நின்றுவிடும். ஒரு வீட்டில் குழந்தை இருமினால் எட்டு வீட்டுக்கும் கேட்கும்.

"நாலாம் நம்பர் வீட்டுல மீன் பொரிச்சா எங்க வீட்டுல சோறு எறங்கும் தம்பி" என்று சிரித்தார் பெரியவர்.

வாசலுக்கு வாசல் அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் கிடக்கின்றன. லாரியில் சாமான் ஏற்றும்போது "இத எதுக்கு ஃபிளாட்டுக்குத் தூக்கிக்கிட்டு, நாலு மாடி ஏறணும்" என்று விட்டுப் போனவை. ஒரு வீட்டுச் சுவரில் பால் வெட்டும் உளி இரண்டு, துருப்பிடித்தபடி செருகியே இருக்கின்றன. மூலையில் பால் மங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருக்கின்றன. காண்டாக் கம்பு ஒன்று கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டபடி கிடக்கிறது. ஆயாக் கொட்டகையில் தொட்டில் கட்டிய வளையங்கள் மட்டும் வரிசையாகத் தொங்குகின்றன.

ஏன் இப்படி வெறிச்சோடியது? வாசகர்களுக்குத் தெரிந்த கதைதான். லயத்து வீடு நமக்குச் சொந்தமில்லை. வேலைக்குக் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். 1950, 60-களில் துண்டாடலில் பல தோட்டங்கள் சிதறின. பிறகு பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். அதன்பின் தோட்டங்களே பட்டணங்களாயின. இன்றைய சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். கோலாலம்பூர் பங்சார் என்பதே பங்கே, கிரிசார் என்ற இரு முதலாளிகளின் பெயர் சேர்ந்த தோட்டப் பெயர்தான். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் 1921-இல் திறந்த பெராங் பெசார் தோட்டத்தின்மேல்தான் 1990-களில் புத்ராஜெயா எழுந்தது. அங்கே பால் வெட்டிய நம்மவர்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். போகும்போதெல்லாம் அவசரம். லாரி வந்து நிற்கும். கையில் கிடைத்ததை ஏற்று, மற்றதை விடு. அப்படி விட்டவற்றைத்தான் நாம் அன்று பார்த்தோம்.

கங்காணி வீட்டுப் புதையல்

நாம் போய்ச் சேர்வதற்குள் இளைஞர்கள் நாலைந்து பேர் மண்வெட்டியோடு கங்காணி வீட்டில் இறங்கிவிட்டார்கள். அடுப்பங்கரையை முழங்கால் ஆழம் தோண்டியதில் கிடைத்தது உடைந்த போத்தலும் ஓட்டைச் செம்பும். சோர்ந்து போகும் நேரத்தில் ஒருவன் பரண்மேல் ஏறி ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினான். திறந்தால் உள்ளே கட்டுக்கட்டாய் நோட்டு!

"பணம்! பணம்!" என்று கத்தியதில் கோயிலில் இருந்தவர்களும் ஓடி வந்தார்கள். பெரியவர் ஒரு நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"அட, வாழமர நோட்டுடா இது! ஜப்பான்காரன் காசு. இத வச்சுக்கிட்டு ஒரு தே தண்ணி கூட குடிக்க முடியாது."

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இந்த நாட்டை ஆண்டபோது அவர்கள் அச்சடித்த பணம் அது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால் வாழைமர நோட்டு என்றே பெயராயிற்று. அடித்துத் தள்ளியதில் கடைசியில் மூட்டை நோட்டுக்கு ஒரு கட்டு மரவள்ளிக் கிழங்கு என்ற நிலை வந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது செல்லாக் காசானது. அதற்குள் நம் தோட்டத்து ஆண்கள் எத்தனையோ பேரை 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. போனவர்களின் குடும்பங்களிடம் மிஞ்சியது இந்த நோட்டுதான். என்றாவது செல்லும் என்று கட்டி வைத்த கை எந்தக் கையோ! இன்று சேகரிப்பவர்கள் வாங்குவார்கள் என்றாலும் சாதாரண நோட்டுக்குப் பெரிய விலை கிடையாது.

இளைஞர்களின் முகம் வாடிப்போயிற்று. அந்த நேரத்தில்தான் மூன்றாம் நம்பர் வீட்டிலிருந்து ஒரு கூக்குரல் கேட்டது.

மூன்றாம் நம்பர் வீடு

அந்த வீட்டில் வளர்ந்த அம்மையாருக்கு இப்போது 65 வயது. இருபது வயதுப் பேரனோடு வந்திருந்தார். சுவரில் உயரத்தில் ஒரு பெரிய முருகன் படம் ஆணியடித்தபடி இருந்தது. கண்ணாடி ஒரு ஓரம் உடைந்திருந்தது. வீட்டைக் காலி செய்த அன்று மற்ற சாமி படங்களை எல்லாம் எடுத்தவர், இதை மட்டும் விட்டுப் போயிருக்கிறார். "பின்னமான படம் புது வீட்டுக்கு ஆகாதுன்னு சொன்னாங்க. அதான் விட்டுட்டேன்" என்றார். இப்போது லயத்தை இடிக்கப் போகிறார்களே, சாமி படம் மண்ணோடு மண்ணாய்ப் போகலாமா? கோயில் ஆலமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று பேரனை ஏறி எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

பேரன் படத்தை இறக்கினான். கரையான் அரித்த பின்பலகை கையோடு பெயர்ந்து விழுந்தது. அதோடு எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு பொட்டலமும் விழுந்தது. பிரித்தால் இரண்டு பொருள். ஒன்று, பட்டணத்து ஸ்டூடியோவில் எடுத்த படம். சேலை கட்டிய ஓர் இளம் பெண், மடியில் கைக்குழந்தை. இன்னொன்று, நாலாய் மடித்த ஒரு காகிதம். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதிந்த சூராட் பிரானா. பிறப்புப் பத்திரம்! ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தாலும் நம்பரும் தேதியும் பிறந்த இடமும் பழுதில்லாமல் இருந்தன.

அம்மையார் அதை வாங்கினார். படிக்கத் தெரியாது. பேரன் படித்துச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவர் அப்படியே அஞ்சடியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமிகிட்ட இருக்கு, சாமிகிட்ட இருக்குன்னு எங்கப்பா சொல்லிட்டுப் போனாரு. அது இதுதானா!"

அப்பா சொன்ன சொல்

நடந்தது இதுதான். அம்மையாருக்கு நாலு வயதிருக்கும்போது தாய் இறந்துவிட்டார். தகப்பனாருக்குக் குடியுரிமை இல்லை. 1968-இல் வந்த சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய வேண்டுமானால் 1969 முதல் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றாயிற்று. அந்தச் சமயத்தில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் ஊருக்குக் கப்பல் ஏறியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவருடைய தகப்பனாரும் 1970-இல் பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறினார். பத்து வயது மகளைத் தன் அக்காளிடம் ஒப்படைத்து, "ஊருக்குப் போயி ஒரு வழி பண்ணிட்டு மூணு மாசத்துல வந்துடறேன். புள்ளயோட காயிதம் சாமிகிட்ட பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு கடிதம் வந்தது. அதோடு சரி.

அத்தைக்காரி அதைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். 1972-இல் பன்னிரண்டு வயதில் ஐ.சி. எடுக்கப் போனபோது, "பிறப்புப் பத்திரம் எங்கே?" என்று கேட்டார்கள். பெட்டி படுக்கை எல்லாம் தேடினார்கள். சாமி படத்துக்குப் பின்னால் மட்டும் யாரும் பார்க்கவில்லை. பலமுறை அலைந்து கடைசியில் கிடைத்தது சிவப்பு ஐ.சி.

அன்றிலிருந்து ஐம்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே பால் வெட்டிய அம்மையாருக்கு ஓட்டு இல்லை. மலேசியப் பாஸ்போர்ட் இல்லை. தகப்பனாரைத் தேடி ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்ற ஆசையும் அதனாலேயே கருகிப்போயிற்று. கணவர் குடியுரிமை உள்ளவர் என்பதால் பிள்ளைகளுக்கு நீல ஐ.சி. "ஒரே வீட்டுல எல்லாருக்கும் நீலம், எனக்கு மட்டும் செவப்பு. ஓட்டுப் போடற அன்னிக்கு எல்லாரும் கெளம்பிப் போவாங்க. நான் சோறாக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன்" என்றார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தோட்டத்துச் சொந்தங்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மலேசிய அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவும் அதன் இரண்டாவது அட்டவணையும் சொல்வது இது: 31-8-1957 சுதந்திர தினம் முதல் 1962 அக்டோபருக்கு முன்புவரை இந்த நாட்டில் பிறந்தவர்கள் சட்டப்படியே குடிமக்கள். வெளிநாட்டுத் தூதரக அதிகாரியின் பிள்ளை போன்ற சிலர்தான் விலக்கு. தாயும் தகப்பனும் சிவப்பு ஐ.சி.யாக இருந்தாலும் சரி, இந்தியப் பிரஜையாக இருந்தாலும் சரி, அந்த ஐந்து வருடத்துக்குள் இங்கே பிறந்ததுதான் கணக்கு. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி வேறு; தாய் தகப்பனின் நிலையையும் பார்ப்பார்கள்.

அப்படியானால் இந்த அம்மையார் பிறந்த அன்றே அவருக்கு உரிமை பிறந்துவிட்டது. அதைக் காட்டும் ஒரு காகிதம் இல்லாததால்தான் ஐம்பது வருடம் அந்நியராக இருந்தார். அந்தக் காகிதமோ அவர் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்ட படத்துக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது!

பத்திரம் கிடைத்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஐ.சி.யில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் எழுத்தில் மாறுகின்றன. இது நம்மவர்களுக்கு வழக்கமான தொல்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிறப்பைப் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனில் பதிவார்கள். கிராணி போய்ச் சொல்லுவார். காதில் விழுந்தபடி எழுதுவார்கள். ஒருவரே என்று நிரூபிக்கச் சத்தியப் பிரமாணம், அதாவது நாம் சொல்லும் சூராட் சும்பா வேண்டும். அவரைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர்களின் சாட்சியும் உதவும். முன்னாள் தண்டல் அங்கேயே, "நான் வர்றேன் தாயீ, எந்த ஆபீசுக்கு வேணாலும் வர்றேன். ஒங்கப்பன் பெரட்டுல எனக்குப் பக்கத்துல நின்னவன்" என்றார். சொன்னபடியே போனார். தேசியப் பதிவு இலாகாவில் மனு கொடுத்தாயிற்று. இதை எழுதும்வரை பதில் வரவில்லை. காத்திருக்கிறார்கள். நாமும் காத்திருக்கிறோம்.

ஆணியில் தொங்கிய பை

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழாம் நம்பர் வீட்டில், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே சம்பளச் சீட்டுகள், சங்கத்து அங்கத்தினர் கார்டு, இ.பி.எப். கணக்குத் தாள்கள், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குக் காகிதம். அந்த வீட்டுக்காரரின் மகன் ஜொகூரில் இருப்பது தெரிந்து, பெரியவர் போன் போட்டார். "அப்பா செத்து இருபது வருஷமாச்சுங்க. அந்தப் பணத்த எடுத்தமா இல்லியான்னே தெரியாது" என்று பதில் வந்தது.

இப்படி எத்தனை வீட்டில் தெரியாமல் இருக்கிறதோ! இ.பி.எப். 1951-இல் தொடங்கியது. அன்று முதல் நம் சம்பளத்தில் பிடித்த காசு அது. அங்கத்தினர் இறந்துவிட்டால் அவர் பெயர் எழுதி வைத்தவருக்கு உரியது. எழுதி வைக்காவிட்டாலும் வாரிசுகள் மனுச் செய்யலாம். தோட்டத் துண்டாடலைத் தடுக்கத் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்குப் பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்ததும் நினைவிருக்கும். அந்தப் பணத்தில்தான் மறு வருடம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். தாத்தா கட்டிய அந்தப் பங்கு இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பேரப் பிள்ளைகள் சங்கத்தில் கேட்டுப் பார்க்கலாம். வங்கியிலோ வேறு இடத்திலோ நெடுநாள் கேட்பாரற்றுக் கிடக்கும் பணம், 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்ச் சேரும். அதனால் அது தொலைந்துவிட்டதாக அர்த்தமில்லை. உரியவரோ வாரிசோ ஆதாரம் காட்டிக் கேட்கலாம். "நான் எடுத்துத் தர்றேன், பாதி குடு" என்று இடையில் வருகிறவர்களிடம் மட்டும் காகிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை

சொந்தங்களே! பித்தளைக் குடத்தையும் குத்துவிளக்கையும் நாம் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தோம். காகிதத்தைத்தான் விட்டுவிட்டோம். படிக்கத் தெரியாத நம் பெரியவர்கள் அதன் அருமை தெரிந்து, சாமி படத்துக்குப் பின்னாலும், பரண்மேலும், அரிசி டின்னுக்கு அடியிலும், தலையணை உறைக்குள்ளும் பத்திரப்படுத்தினார்கள். படித்த நாம் அதைப் பழைய குப்பை என்கிறோம்.

எனவே நமது வேண்டுகோள் இதுதான். உங்கள் பழைய லயம் இன்னும் நின்றுகொண்டிருந்தால், இடிப்பதற்கு முன், தோட்டத்து நிர்வாகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஒருமுறை போய்ப் பாருங்கள். உளுத்த பலகை, பாம்பு, பூரான் உண்டு. பகல் வேளையில் இரண்டு பேராய்ப் போங்கள். பிறர் வீட்டுக் காகிதம் கிடைத்தால் எரிக்காதீர்கள். கோயில் நிர்வாகத்திடம் கொடுங்கள், திருவிழாவுக்கு வருகிற யாராவது ஒருவர் உரியவரிடம் சேர்ப்பார்கள். லயம் போய்விட்டதென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள தகரப் பெட்டியைத் திறவுங்கள். பழைய படங்களின் பின்பலகையைக் கழற்றுங்கள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வச்சீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை, அம்மையாரின் அத்தை செய்ததுபோல் வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்று சாயங்காலம் வேன் கிளம்பும்போது அந்த முருகன் படம் ஆலமரத்தடியில் இல்லை. அம்மையாரின் மடியில் இருந்தது. "பின்னமான படம் ஆகாதுன்னு சொன்னீங்களே அம்மா?" என்று கேட்டோம்.

"கண்ணாடிதானே தம்பி ஒடஞ்சிருக்கு. புதுசு போட்டுக்கலாம். அறுபத்தஞ்சு வருஷமா என் காயிதத்துக்குக் காவல் இருந்த சாமிய மரத்தடியில விட்டுட்டா போவேன்?" என்றார்.